பத்தாயிரம் தடவை ஓடவிட்ட பிறகும் மாதிரிப் பரம்பல் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை: எங்கே பிழை விடுகிறேன்?

வேப்பமரநிழல் (கேள்வி)

வணக்கம். யாழ்ப்பாணத்தில் உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவர்களுக்கு வணிகப் புள்ளிவிபரவியல் படிப்பித்து வருகிறேன். மாதிரிப் பரம்பல் (ஒரே குடித்தொகையிலிருந்து பல மாதிரிகள் எடுத்தால் அவற்றின் இடைகள், அதாவது சராசரிகள், எப்படிப் பரம்பும் என்பது) அலகு வரும்போதெல்லாம் பிள்ளைகள் சூத்திரத்தைப் பாடமாக்கிக்கொண்டு அடுத்த அலகுக்கு ஓடிவிடுகிறார்கள் என்ற மனக்குறை எனக்கு நெடுநாளாக உண்டு. ஆகவே இம்முறை சூத்திரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, முதலில் கணினியில் போலச்செய்து காட்டுவது என்று முடிவெடுத்தேன். (சிமுலேஷனைச் சிலர் ‘பாவனை’ என்று எழுதுகிறார்கள். தண்ணீர்ப் பாவனை, மின்பாவனை என்று பேசிப் பழகிய எங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் வேறு பொருளையே தரும் என்பதால் ‘போலச்செய்தல்’ என்றே எழுதுகிறேன்.)

நேர் ஓராயமுள்ள, அதாவது வலப்பக்கம் வால் நீண்ட ஒரு குடித்தொகையை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு செயலியில் தெரிவுசெய்தேன். அதிலிருந்து 25 பெறுமானங்கள் கொண்ட மாதிரிகளை எழுமாறாக எடுத்து, ஒவ்வொரு மாதிரியின் இடையும் திரையின் அடியில் புள்ளியாகச் சேரும்படி விட்டேன். முதலில் ஒரு மாதிரி, பிறகு பத்து, பிறகு ஆயிரம், கடைசியில் பத்தாயிரம். மணி வடிவம் எழும்பியபோது வகுப்பு முழுவதும் வாய் பிளந்து பார்த்தது. எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

அடுத்த கிழமை ஒரு சிறு பரீட்சை வைத்தேன். வால் நீண்ட ஒரு குடித்தொகையின் வலையுருவரையத்தைக் கொடுத்து, அதிலிருந்து 25 பேர் கொண்ட மாதிரிகள் 500 எடுத்தால் அவற்றின் இடைகளின் பரம்பல் எப்படி இருக்கும் என்று மூன்று படங்களுக்குள் தெரிவுசெய்யச் சொன்னேன். பாதிக்கு மேற்பட்டோர் குடித்தொகையைப் போலவே வால் நீண்ட படத்தைத் தெரிவுசெய்திருந்தனர். வகுப்பில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்த ஒரு பிள்ளையிடம் காரணம் கேட்டேன். “ரீச்சர், அன்றைக்குப் பத்தாயிரம் தடவை எடுத்தபடியால்தானே மணி வடிவம் வந்தது? ஐந்நூறு தடவைக்கு வராதே” என்றாள். அவள் சொன்ன விதத்தில் ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை.

இன்னொரு மாணவன், தடவைகளைக் கூட்டினால் நியம வழு (மாதிரி இடைகளின் நியம விலகல்) குறையும் என்று எழுதியிருந்தான். சூத்திரத்தை மட்டும் படித்த கடந்த வருடத்துப் பிள்ளைகள்கூட இந்தப் பிழையை விடவில்லை; கணினியைக் காட்டி நானே ஒரு புதுப் பிழையைப் புகுத்திவிட்டேனோ என்று தோன்றுகிறது. இதே வழியில் போய்ப் பார்த்தவர்கள் எவராவது இருந்தால், எந்த இடத்தில் சறுக்கினேன் என்று சொல்லுங்கள்.

பழைய கரும்பலகை

ரீச்சருக்கு வணக்கம். ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. பரீட்சை வினாத்தாளைத் திருத்தும் பழக்கம் மட்டும் கையை விட்டுப் போகவில்லை.

அந்தப் பிள்ளையின் விடை பிழைதான், ஆனால் நியாயமான பிழை. திரையில் அவள் கண்டதை அப்படியே சொல்லியிருக்கிறாள். நீங்கள் மாற்றிக் காட்டியது ஒன்றே ஒன்றைத்தான்: தடவைகளின் எண்ணிக்கையை. 25 என்ற மாதிரி அளவைத் தொடக்கத்தில் வைத்தீர்கள், பிறகு அதில் கை வைக்கவேயில்லை. அசைந்தது எதுவோ அதுதான் காரணம் என்று எடுத்துக்கொள்வது மனித இயல்பு.

இரண்டாவது குறை இதைவிட ஆழமானது. மாதிரிப் பரம்பலில் மூன்று அடுக்குகள் உள்ளன. குடித்தொகையில் உள்ள தனித்தனிப் பெறுமானங்கள் ஓர் அடுக்கு. கையில் எடுத்த ஒரு மாதிரியின் பெறுமானங்கள் இன்னோர் அடுக்கு. பல மாதிரிகளின் இடைகள் மூன்றாவது அடுக்கு. கணினி இந்த மூன்றையும் ஒரே நிறத்தில், ஒரே உயரத்துச் சதுரங்களாக, ஒரு செக்கனுக்குள் காட்டி முடித்துவிடுகிறது. கீழே விழுந்த சதுரம் ஓர் ஆளா, 25 ஆட்களின் இடையா என்பதைப் பிள்ளை யோசிப்பதற்கு அங்கே நேரமே இல்லை.

நான் கடைசி நான்கைந்து வருடங்கள் கணினிக்கு முன்னால் ஒரு பாடவேளையைக் கைவேலைக்கு ஒதுக்கினேன். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வர எத்தனை நிமிடம் எடுக்கும் என்று ஒரு துண்டில் எழுதி, மூடியுள்ள ஒரு பனையோலைப் பெட்டிக்குள் போட வேண்டும். எங்கள் வகுப்பில் மதிலுக்கு அந்தப் பக்கம் வீடு உள்ளவன் 4 என்று எழுதினான். ஊர்காவற்றுறையிலிருந்து பஸ்ஸில் வருபவன் 75 என்று எழுதினான். பெரும்பாலானோர் சைக்கிளில் 10, 15, 20 என்று வருபவர்கள். வால் நீண்ட பரம்பல் வேண்டுமென்று தேடிப்போகத் தேவையில்லை, அது வகுப்புக்குள்ளேயே இருக்கிறது. துண்டுகளின் பெறுமானங்களை முதலில் கரும்பலகையின் மேற்பாதியில் வலையுருவரையமாகக் கீறிவிடுவேன்.

பிறகு ஒவ்வொருவராக வந்து, பெட்டியைக் குலுக்கி, ஐந்து துண்டுகள் எடுக்க வேண்டும். ஒரு துண்டை எடுத்து, வாசித்து, திருப்பிப் போட்டுவிட்டே அடுத்ததை எடுக்க வேண்டும். திருப்பிப் போடாவிட்டால் 30 துண்டுகளுள்ள சிறிய பெட்டியில் 5 எடுக்கும்போது நியம வழு ஏறத்தாழ 7 வீதம் சுருங்கிவிடும். பிறகு சூத்திரத்தோடு ஒப்பிடும்போது ஏன் பொருந்தவில்லை என்று நீங்கள்தான் விடை சொல்ல வேண்டி வரும். ஐந்தின் இடையைக் கணித்து, வேறு நிறக் கடதாசியில் எழுதி, கரும்பலகையின் கீழ்ப்பாதியில் உரிய இடத்தில் ஒட்ட வேண்டும்.

ஒட்டி முடிந்ததும் நான் கேட்கும் முதற் கேள்வி: “இந்த 22 யாருடைய பயண நேரம்?” வகுப்பு ஒரு கணம் முழிக்கும். பிறகு ஒருவன் சொல்வான், “இது ஒருவருடையதும் இல்லை, சேர், ஐந்து பேரின் இடை.” அடுத்த கேள்வி: “ஊர்காவற்றுறைக்காரனின் 75 கீழ்ப்பாதியில் எங்கே?” அவனே எழும்பித் தேடுவான். அவனுடைய துண்டு இரண்டு மாதிரிகளில் வந்திருக்கும். இரண்டிலும் மற்ற நால்வரும் சேர்ந்து அவனை இடப்பக்கம் இழுத்துவிட்டிருப்பார்கள். வால் ஏன் குறுகுகிறது என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

கணினி இல்லாத காலத்திலேயே போலச்செய்தல் இருந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். டப்ளினில் கின்னஸ் மதுவடிசாலையில் வேலை செய்த வில்லியம் கொசெற், ‘ஸ்ருடென்ற்’ என்ற புனைபெயரில் 1908 இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் செய்தார். 3000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடக்கை நடுவிரல் நீளத்தையும் 3000 மட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து 750 மாதிரிகள் எடுத்தார். தன் கணிதத்தால் பெற்ற பரம்பலை அந்த மட்டைகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார். பரீட்சையில் நாங்கள் அட்டவணை பார்த்துப் போடும் ரீ பரம்பல் அந்தக் கட்டுரையில் பிறந்தது.

நிரைநிரல்

கரும்பலகை ஐயா சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் பெட்டியிலிருந்து நேரே ஆயத்த செயலிக்குத் தாவாமல் நடுவில் ஒரு படி வையுங்கள் என்பேன்: பிள்ளைகளே எக்செலிலோ லிப்ரே ஓபிஸிலோ அட்டவணையாகச் செய்ய வேண்டும். ஆயத்த செயலியில் ‘மாதிரி அளவு’ என்றும் ‘தடவைகள்’ என்றும் இரண்டு சின்னப் பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், இரண்டிலும் எண்கள்தான். பிள்ளை இரண்டையும் ஒன்றாக நினைப்பதில் வியப்பில்லை. அட்டவணையில் அவை இரண்டு வெவ்வேறு திசைகள்.

முதலாவது கலத்தில் ராண்ட்பிட்வீன் சூத்திரத்தை 1 இலிருந்து 6 வரை கொடுத்து ஒரு தாயக்கட்டையை உருட்டச் செய்யுங்கள். அதை வலப்பக்கமாக ஐந்து நிரல்களுக்கு இழுத்தால் அந்த நிரை ஒரு மாதிரி. ஆறாவது நிரலில் அந்த ஐந்தின் இடை. இப்போது அந்த முழு நிரையையும் கீழ்ப்பக்கமாக 200 நிரைகளுக்கு இழுத்தால் 200 தடவைகள். ஆறாவது நிரலை மட்டும் தெரிவுசெய்து வலையுருவரையம் கீறினால் அதுவே மாதிரி இடைகளின் பரம்பல். பிள்ளையின் விரல் வலப்பக்கம் இழுத்ததா, கீழ்ப்பக்கம் இழுத்ததா என்பது அதற்கு ஞாபகம் இருக்கும். திரையில் பார்த்தது மறந்துபோகும்.

பிறகு விளையாட்டு. 200 நிரைகளை 2000 ஆக்கச் சொல்லுங்கள். படத்தின் பல்லும் பள்ளமும் போய் வழுவழுப்பாகும், ஆனால் அகலம் மாறாது: இடைகளின் நியம விலகல் முன்னும் 0.76 அளவில்தான் இருக்கும், பின்னும் 0.76 அளவில்தான் இருக்கும். இப்போது நிரைகளைத் தொடாமல் நிரல்களை ஐந்திலிருந்து இருபதாக்கச் சொல்லுங்கள். படம் சட்டென்று ஒடுங்கி 0.38 அளவுக்கு வந்துவிடும். நாலு மடங்கு வேலை செய்து பாதி அகலம்தான் கிடைத்தது என்று பிள்ளைகள் முறையிடுவார்கள்; அந்த முறைப்பாட்டை அப்படியே கரும்பலகையில் எழுதி வையுங்கள், வர்க்கமூலம் அதற்குள் இருக்கிறது. எஃப்9 விசையை அமத்தினால் எல்லா எண்களும் புதிதாக வரும், படம் நடுங்கும், ஆனால் அகலம் அதே அளவில் நிற்கும். இந்த நடுக்கத்தைக் கட்டாயம் காட்டுங்கள்.

வால் நீண்ட குடித்தொகை வேண்டுமானால் ராண்ட் சூத்திரம் தரும் 0 க்கும் 1 க்கும் இடைப்பட்ட எண்ணின் இயற்கை மடக்கையை மறை 20 ஆல் பெருக்குங்கள். இடையும் 20, நியம விலகலும் 20 ஆகவுள்ள அடுக்குக்குறிப் பரம்பல் கிடைக்கும். சராசரியாக 20 நிமிடத்துக்கு ஒரு பஸ் எந்த ஒழுங்கும் இல்லாமல் வரும் ஒரு தரிப்பிடத்தில் காத்திருக்கும் நேரம் என்று வைத்துக்கொள்ளலாம் (எங்கள் வீட்டுக்கு முன்னால் உள்ள தரிப்பிடத்துக்கு இது மிகவும் பொருந்தும்). நான்கு நிரல்களுக்கு நியம வழு 10, இருபத்தைந்துக்கு 4, நூற்றுக்கு 2 என்று முழு எண்களாக வரும். இதில் இன்னொன்றும் தெரியும். நான்கு நிரல்களில் வால் நன்றாகவே இருக்கும். 25 இலும் சற்று மிஞ்சியிருக்கும். 100 இல் தேடிப் பார்த்தால்தான் தெரியும். ‘மாதிரி 30 ஐத் தாண்டினால் செவ்வன்’ (அதாவது மணி வடிவப் பரம்பல்) என்று குறிப்புப் புத்தகங்களில் எழுதியிருப்பது வேதவாக்கு அல்ல, குடித்தொகை எவ்வளவு கோணலோ அவ்வளவு பெரிய மாதிரி தேவை என்பது அங்கே தானாக வெளிவரும்.

தென்மராட்சியான்

எல்லோரும் ஒரே பக்கம் நிற்பதால் நான் மறுபக்கம் நிற்கிறேன்.

சாரா எழுமாறிகளின் (ஒன்றையொன்று பாதிக்காமல் எழுமாறாக வரும் பெறுமானங்களின்) மாறற்றிறன்கள், அதாவது நியம விலகலின் வர்க்கங்கள், கூட்டுப்படும் என்பதைப் பிள்ளை ஏற்றுக்கொண்டால், ஐந்து பெறுமானங்களின் கூட்டுத்தொகைக்கு மாறற்றிறன் ஐந்து மடங்கு. ஐந்தால் வகுக்கும்போது மாறற்றிறன் இருபத்தைந்தால் வகுபடும். ஆகவே இடையின் மாறற்றிறன் குடித்தொகையினதில் ஐந்திலொன்று. இரண்டு வரி, ஒரு வெண்கட்டித் துண்டு. இதற்குப் பெட்டியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணினி அறையில் இருபது இயந்திரங்கள் இருந்தும் இயங்குபவை எட்டு. ஒரு விசைப்பலகையைச் சுற்றி நாலு பேர் நின்றால் இழுப்பவன் ஒருவன், பார்ப்பவர் மூவர்.

எனக்குள்ள பெரிய ஆட்சேபம் வேறு. “ஏன் அப்படி?” என்று கேட்டால், “கணினியில் அப்படித்தான் வந்தது” என்று சொல்லும் ஒரு தலைமுறையை உருவாக்கிவிடக் கூடாது. கணினி தரும் எழுமாற்று எண்ணும் ஒரு விதிப்படி கணித்துத் தருவதுதான். பிள்ளை அதை இயற்கையின் சாட்சியமாக எடுத்துக்கொள்கிறது. நிறுவல் என்பது ஒன்று, பத்தாயிரம் தடவை பார்த்தது என்பது இன்னொன்று. அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கணித வகுப்பிலும் சொல்லாவிட்டால் வேறெங்கே சொல்வது?

மதகடி

தென்மராட்சியான் அண்ணாவின் இரண்டாவது பந்தியை மறுக்க மாட்டேன். ஆனால் முதலாவது பந்தியில் ‘பிள்ளை ஏற்றுக்கொண்டால்’ என்று ஒரு சொற்றொடர் வருகிறது; சிக்கல் முழுவதும் அங்கேதான் கிடக்கிறது. நிறுவலை ஏற்றுக்கொண்ட பிள்ளையின் உள்ளுணர்வு அப்படியே பழைய இடத்தில் நிற்பதைப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடத்தினருக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கும்போது கண்டிருக்கிறேன்.

கானிமன், ற்வேர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1972 இல் வெளியிட்ட ஒரு கேள்வியைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு பெரிய வைத்தியசாலையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 45 குழந்தைகளும் ஒரு சிறிய வைத்தியசாலையில் 15 குழந்தைகளும் பிறக்கின்றன. ஆண் குழந்தைகள் 60 வீதத்துக்கு மேற்பட்ட நாட்கள் ஒரு வருடத்தில் எங்கே கூட இருக்கும்? அவர்கள் கேட்ட 95 மாணவர்களில் 53 பேர் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு என்றார்கள். மீதிப் பேர் பெரியதற்கும் சிறியதற்கும் சமமாகப் பிரிந்தார்கள். சரியான விடை சிறியது. ஆணும் பெண்ணும் சம வாய்ப்பு என்று கொண்டு ஈருறுப்புப் பரம்பலால் கணித்தால் சிறிய வைத்தியசாலையில் ஏறத்தாழ 55 நாட்கள், பெரியதில் ஏறத்தாழ 25 நாட்கள். நியம வழுவின் சூத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதக்கூடிய பிள்ளைகளும் இதில் ‘இரண்டும் ஒன்றுதான்’ என்பார்கள், ஏனென்றால் சூத்திரத்துக்கும் வைத்தியசாலைக்கும் தொடர்பு இருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றுவதில்லை. இதையே நிரைநிரல் சொன்ன அட்டவணையில் 365 நிரைகளாகச் செய்துபார்த்த பிறகு, ‘சிறிய மாதிரி துள்ளும்’ என்று தாங்களாகவே ஒரு பேச்சுவழக்கு உண்டாக்கிக்கொண்டார்கள்.

இனி வேப்பமரநிழல் ரீச்சரின் கேள்வி. உங்களுக்கு நேர்ந்தது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவில் டெல்மாஸ், கார்ஃபீல்ட், சான்ஸ் ஆகிய மூவர் இதே மாதிரிப் பரம்பலுக்கென்று ஒரு மென்பொருள் உருவாக்கி வகுப்பில் பயன்படுத்தினார்கள். ஒழுங்கான வழிகாட்டலோடு மாணவர்கள் அதைப் பயன்படுத்தியும், பலருடைய பிழையான எண்ணங்கள் அசையவில்லை. பிறகு செயற்பாட்டை மாற்றினார்கள்: மென்பொருளைத் தொடுவதற்கு முன், எந்தப் படம் வரும் என்று மாணவர் முதலில் தாமே தெரிவுசெய்ய வேண்டும், பின்னர் ஓடவிட்டு, வந்ததைத் தம் தெரிவோடு ஒப்பிட வேண்டும். அதன் பிறகே குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கிடைத்தது. 1999 இல் இதை எழுதினார்கள். நீங்கள் பரீட்சையில் கொடுத்த மூன்று படங்களையும் ஓடவிடுவதற்கு முன்னரே கொடுத்திருந்தால் அந்தக் கெட்டிக்காரப் பிள்ளை வால் நீண்ட படத்தில் கையெழுத்து வைத்திருப்பாள், பிறகு 500 தடவையில் மணி வடிவம் வருவதைக் கண்டு தன்னோடு தானே சண்டை பிடித்திருப்பாள். முன்கூட்டிச் சொல்லாதவருக்குத் திரையில் எது வந்தாலும் ‘அப்படித்தான்’ என்று தோன்றிவிடும்.

அண்ணாவுக்கு ஒன்று: கணினி வேண்டாம் என்றாலும் நாணயத்தை வெறுக்க மாட்டீர்கள். இரண்டாம் உலகப் போரில் டென்மார்க்கில் தடுத்து வைக்கப்பட்ட ஜோன் கெரிச் என்ற கணிதவியலாளர் முகாமில் இருந்தபடி ஒரு நாணயத்தை 10,000 தடவை சுண்டச் செய்து பதிவுசெய்தார். தலை 5067 தடவை விழுந்தது. ‘நீண்ட காலத்தில் சமப்பட்டுவிடும்’ என்று நம்பும் பிள்ளை, தலையும் பூவும் எண்ணிக்கையில் சமப்பட வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. பத்தாயிரத்தில் எதிர்பார்க்கத்தக்க நியம விலகல் 50. 67 கூடியது ஒரு புதினமும் அல்ல. சமப்படுவது விகிதம்; எண்ணிக்கையில் இடைவெளி விரிந்துகொண்டே போகலாம். இதை நிறுவலில் வாசித்தவர் பலர் பஸ் நிலையத்தில் லொத்தர்ச் சீட்டு வாங்கும்போது ‘இந்த இலக்கம் கனநாளாக விழவில்லை’ என்கிறார்கள். அட்டவணையில் ஓடவிட்டுப் பார்த்தவர் அப்படிச் சொல்லக் கொஞ்சம் கூச்சப்படுகிறார்.

தென்மராட்சியான்

கெரிச்சின் நாணயத்தை ஏற்றுக்கொள்கிறேன், அது கையாலேயே செய்யப்பட்டது என்பதால். ஆனால் முன்கூட்டிச் சொல்ல வைப்பதுதான் மருந்து என்றால் அதைக் கணினி இல்லாமலும் செய்யலாமே. கேள்வியை முதலில் கேட்டு, பிள்ளையை ஒரு விடையில் மாட்டவைத்து, பிறகு நிறுவினால் என்ன குறை?

மதகடி

ஒரு குறையும் இல்லை. நான் இரண்டையும் செய்கிறேன், ஆனால் நிறுவலைப் பின்னுக்கு வைக்கிறேன். நாலு மடங்கு வேலைக்குப் பாதி அகலம் என்று முறையிட்ட பிள்ளைக்கு உங்களுடைய இரண்டு வரி ஒரு கேள்விக்குப் பதிலாகப் போய்ச் சேரும். முறையிடாத பிள்ளைக்கு அது குறிப்புப் புத்தகத்தில் இன்னும் இரண்டு வரி.

வேப்பமரநிழல்

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதப் பத்து நாள் பிந்தியதற்குக் காரணம், சொன்னவற்றைச் செய்துபார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று நினைத்ததுதான்.

கரும்பலகை சேர் சொன்ன பெட்டியோடு தொடங்கினேன். பனையோலைப் பெட்டி வீட்டில் இல்லை. அம்மா பனங்கட்டி போட்டு வைக்கும் குட்டானைக் கொண்டுபோனதால் முதலில் பிள்ளைகள் அதை மணந்து பார்ப்பதில் ஐந்து நிமிடம் போனது. துண்டுகளைத் திருப்பிப் போட வேண்டும் என்பதை இருவர் மறந்தார்கள்; அவர்களுடைய மாதிரிகளை மறுபடி எடுக்கச் செய்தேன். ‘இது யாருடைய நேரம்?’ என்ற கேள்வி அப்படியே வேலை செய்தது. சேர் எழுதாத ஒன்றும் நடந்தது: ஒரே பிள்ளையின் 60 நிமிடத் துண்டு ஒரு மாதிரியில் இரண்டு தடவை வந்து இடையை 41 க்குத் தூக்கிவிட்டது. “பிழையான மாதிரி, கழிக்க வேண்டும்” என்று வகுப்பு கூச்சலிட்டது. கழிக்கக் கூடாது என்பதை விளக்க அரைப் பாடவேளை போனது, ஆனால் எழுமாறு என்பதைப் பற்றி இவ்வளவு நல்ல விவாதம் என் வகுப்பில் முன்னர் நடந்ததில்லை.

அடுத்த நாள் கணினி அறை. நாலு பேருக்கு ஒரு இயந்திரம் என்பது எங்களுக்கும் பொருந்தும் என்பதால், நிரைகளை இழுப்பவர், நிரல்களை இழுப்பவர், எதிர்வுகூறலை எழுதுபவர், வந்ததை வரைபவர் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஆளை மாற்றினேன். இழுப்பதற்கு முன் படத்தைக் கையால் கீற வேண்டும் என்பதில் மட்டும் கண்டிப்பாக நின்றேன். ஐந்நூறு தடவைக்கு மணி வராது என்ற அந்தப் பிள்ளை, 200 நிரைகளில் பல்லுப் பல்லாகத் தெரிந்த மணியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப தடவை கூடினால் வடிவம் மாறாது, அழுக்குத்தான் போகும்” என்றாள். மறுபரீட்சையில் அந்தக் கேள்விக்குப் பெரும்பாலானோர் சரியாகத் தெரிவுசெய்தார்கள். நிரை, நிரல் என்று விடைத்தாளின் ஓரத்தில் அம்புக்குறி கீறிப் பார்த்தவர்களும் உண்டு. தென்மராட்சியான் ஐயாவின் இரண்டு வரியைக் கடைசியில் எழுதினேன். நால்வர் அதைப் பார்த்துத் தலையாட்டியது பாடமாக்குவதற்கு அல்ல என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது அடுத்த மதில். நம்பிக்கையாயிடைக்கு (உண்மையான இடையைப் பிடிப்பதற்கு மாதிரி இடையின் இரு பக்கமும் எடுக்கும் வீச்சுக்கு) இதே வழியில் போய், 95 வீத ஆயிடைகள் நூறு எடுக்கச் செய்தேன். ஒரு குழுவுக்கு 3 ஆயிடைகள் தவறின, இன்னொன்றுக்கு 8. இரண்டு குழுவும் தங்கள் சூத்திரம் பிழை என்று அதைத் திருத்தத் தொடங்கிவிட்டன. சரியாக 5 தவற வேண்டும் என்பது அவர்கள் முடிவு. இதை எப்படி அவிழ்ப்பது?

நிரைநிரல்

அவர்கள் நிரைகளை எண்ணும்போது இன்னொரு அடுக்கு ஏறிவிட்டதைக் கவனிக்கவில்லை. நூறு ஆயிடைகளில் எத்தனை தவறும் என்பதே ஓர் எழுமாறி; அதற்கும் ஒரு பரம்பல் உண்டு. எதிர்பார்த்த பெறுமானம் 5, நியம விலகல் 2.2 அளவு. சரியாக 5 தவறுவதற்கான நிகழ்தகவு 0.18 தான். 2 இலிருந்து 8 வரை விழுவது 0.90.

இப்படிச் செய்யுங்கள். தாயக்கட்டைக்குப் பதிலாக வெறும் ராண்ட் சூத்திரத்தை 12 நிரல்களுக்கு இழுக்கச் சொல்லுங்கள். 12 என்பதற்குக் காரணம் உண்டு: 0 க்கும் 1 க்கும் இடையில் சீராகப் பரம்பும் எண்ணின் மாறற்றிறன் பன்னிரண்டில் ஒன்று, ஆகவே பன்னிரண்டு எண்களின் இடைக்கு நியம வழுவும் சரியாகப் பன்னிரண்டில் ஒன்று. அதை 1.96 ஆல் பெருக்கினால் 0.163. ஒவ்வொரு நிரையின் இடைக்கும் இந்தப் பக்கம் 0.163, அந்தப் பக்கம் 0.163 எடுத்து, 0.5 அதற்குள் அகப்பட்டதா என்று அடுத்த கலத்தில் 0 அல்லது 1 எழுதச் சொல்லுங்கள். உண்மையான இடை 0.5 என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும், அது ஆடாது அசையாது, துள்ளுவது ஆயிடைதான். ‘இடை ஆயிடைக்குள் விழுகிறது’ என்று பிள்ளைகள் எழுதும் வசனத்தை ‘ஆயிடை இடையைப் பிடிக்கிறது’ என்று மாற்றி எழுதச் சொல்லி இந்த இடத்தில் திருத்தலாம்.

பிறகு ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே எஃப்9 ஐ ஒரு தடவை மட்டும் அமத்தி, தனக்கு எத்தனை தவறின என்று கரும்பலகையில் புள்ளி வைக்க வேண்டும். அதற்கு முன், வகுப்பில் எத்தனை பேருக்குச் சரியாக 5 வரும் என்று எதிர்வுகூற வையுங்கள். முப்பது பேருள்ள வகுப்பென்றால் ஐந்து அல்லது ஆறு பேருக்கு வரலாம். ‘முப்பது பேருக்கும்’ என்று எழுதியவர்களின் கடதாசிகளைப் பத்திரமாக வைத்திருங்கள். கருதுகோட் சோதனை அலகு தொடங்கும் நாளில் அவை தேவைப்படும்.